ஊவா மலைக்கு வந்த மருத்துவ ஆய்வுப் பணம்

பதுளை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மகாவலிச் சமவெளியில் இருக்கிறது கிராந்துருகோட்டை. நெல் வயல், குடியேற்றத் திட்டம், வெக்கை. அங்கிருந்து தெற்கே மலையேறினால் பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று தேயிலை விரிகிறது. இரண்டுக்கும் ஒரே கச்சேரி. கடுமையான நோய் என்றால் இரண்டு பக்கத்தாரும் வந்து சேர்வது பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 8 லட்சத்து 15 ஆயிரம் பேர். ஐந்தில் ஒருவர் தமிழர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்து வழி வந்தவர்கள்.

மருத்துவ ஆய்வுக்கான மானியம் எப்படிச் செலவாகிறது என்று கொழும்பிலிருந்து கேட்டால் நிறுவனங்களின் பெயரும் தொகையும் பதிலாக வரும். பதுளையிலிருந்து கேட்கும்போது கேள்வியே மாறிவிடுகிறது. எந்த நோய்க்குப் பணம் வந்தது, எந்த நோய்க்கு வரவில்லை, இரத்தமும் சிறுநீரும் கொடுத்தவர்களுக்கு என்ன திரும்பி வந்தது என்றுதான் இங்கே கேட்கத் தோன்றும். நூறாண்டுக்கு மேலாக இந்த மலைநாட்டில் நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கையில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. மக்களிடம் வந்து அளந்து எடுத்துப் போவதற்குப் பணம் கிடைக்கிறது. அளந்த பிறகு அவர்களிடம் திரும்பி வருவதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கூட இருப்பதில்லை.

முதலில் பணம் நிறைய வந்த கதையைப் பார்ப்போம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு வந்த ஒரு சிறுநீரக நோய் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை. ஆனால் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கிவிடுகிறது. மதவாச்சி, பதவியா என்று தொடங்கிய அந்த வரைபடத்தில் கிராந்துருகோட்டையும் விரைவில் சேர்ந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 2009இல் சுகாதார அமைச்சு, உலக சுகாதார தாபனம், தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியவை சேர்ந்து ஒரு தேசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின. அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களின் நோயுள்ள பகுதிகளில், வயதைச் சமப்படுத்திக் கணக்கிட்டபோது பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் நோய் இருந்தது. முற்றிய நிலை ஆண்களிடமே அதிகம். நீர், உணவு, மண், சிறுநீர், நகம், தலைமயிர் என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருந்ததென்று அந்த அறிக்கை சொன்னது. விவாதம் அதோடு முடியவில்லை. புளோரைட்டும் கடின நீரும் என்றார்கள் சிலர், ஆர்சனிக் என்றார்கள் சிலர், வெயிலில் நீரில்லாமல் உழைப்பதே காரணம் என்று மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களோடு ஒப்பிட்டார்கள் இன்னும் சிலர்.

ஒவ்வொரு கருதுகோளுக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மானியம். பேராதனை, கொழும்பு, ரஜரட்டை எனப் பல்கலைக்கழகங்களும், ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, சீனா என வெளிநாட்டுக் குழுக்களும் வந்தன. கிராந்துருகோட்டைச் சிறுநீரகக் கிளினிக்கில் சேர்ந்த நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைகள் உலகின் பல இதழ்களில் வந்திருக்கின்றன. இவற்றில் உருப்படியானவை பல. நோய் சிறுநீரகத்தின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது என்பதை இழையச் சோதனைகள் தெளிவாக்கின. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை முறைகள் சீர்பட்டன. ஆனால் ஒரே வீட்டில் பல குழுக்கள் பல தடவை இரத்தம் எடுத்துப் போயின, முடிவை யாரும் வந்து சொல்லவில்லை என்ற முறைப்பாடு அந்தச் சமவெளியில் பொதுவானது. ஒரு குழு எடுத்த மாதிரியை மற்றக் குழுவும் பயன்படுத்தும்படியாக ஒரு பொதுச் சேமிப்பும் ஒரே வகை அளவீடும் முதலிலிருந்தே இருந்திருந்தால், அந்தப் பணத்தில் கணிசமான பங்கு வேறு கேள்விகளுக்குப் போயிருக்கும் என்பதே என் எண்ணம்.

இதே நோயின் நிழல் மலைக்கும் ஏறியது. 2014இல் இலங்கை ஆய்வாளர் மூவர் ஒரு கருதுகோள் கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி கடின நீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது அவர்களின் வாதம். சாத்தியத்தை முன்வைத்த கட்டுரை அது. மக்களிடம் அளந்து நிறுவியதாக அது சொல்லிக்கொள்ளவில்லை. மறு ஆண்டே அரசாங்கம் நாடு முழுவதும் கிளைபோசேட்டைத் தடை செய்தது. நோய் பெரும்பாலும் தாழ்நில நெற்பகுதிகளில்தான். ஆனால் அந்த மருந்தை நம்பியிருந்த பெரிய பயிர் தேயிலை. ஊவாத் தோட்டங்களில் களை மண்டியது. சுரண்டியும் கத்தியும் மறுபடி ஆட்களின் கைக்கு வந்தன. சில இடங்களில் மாற்றாக வேறு களைக்கொல்லி அடித்ததில் தேயிலையில் அதன் எச்சம் ஜப்பானின் வரம்பைத் தாண்டி அங்கே சிக்கல் வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. தடை சரியா தவறா என்ற வழக்கை இங்கே தீர்க்க வரவில்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். கொல்லி மருந்து தோளில் தொங்க மலைச்சரிவில் தெளிக்கும் தோட்டத் தொழிலாளியின் உடம்பில் அது எவ்வளவு சேர்கிறது என்று மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டிய தருணம் அதுவே. தடைக்கு முன், தடைக்குள், தடைக்குப் பின் என்று இயற்கையே ஒரு பரிசோதனையை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தது. ஆனால் பேச்செல்லாம் களையெடுக்கும் செலவிலும் ஏற்றுமதி நட்டத்திலும் நின்றது.

பணம் வராத பக்கத்துக்கு வருவோம். இங்கே கதை 1916இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் அந்த ஆண்டு இலங்கையில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. முதற்களம் மாத்தளைத் தோட்டங்கள். பிறகு மற்ற மலை மாவட்டங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் பாதத் தோல் வழியே நுழைந்து, குடலில் ஒட்டி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. பரிசோதித்த தொழிலாளரில் பெரும்பாலோருக்கு அது இருந்தது. தைமோல், கெனோபோடியம் எண்ணெய் என்று கடுமையான மருந்துகளைக் குடிக்கக் கொடுத்தார்கள். புழு விழுந்தது. கக்கூஸ் இல்லாத லயத்து வரிசை வீடுகளில் சில மாதங்களில் மறுபடி ஏறியது. கக்கூஸ் கட்டும் செலவு தோட்ட முதலாளிகளுடையது. மருந்துக்குத் தலையாட்டிய துரைமார் கட்டடச் செலவுக்குக் கையை இழுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் இழுபறி இதுதான். மன்றத்தின் நோக்கம் கருணை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வேலை செய்யும் உடம்புகளைத் திடமாக வைத்திருக்கும் அக்கறையும் அதில் இருந்தது. ஆனாலும் மருந்தால் மட்டும் ஆகாது, நிலத்தைச் சுத்தமாக்க வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் இங்கே காசு கொடுத்துக் கற்றார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைக்கு அந்தப் பாடமும் ஒரு வித்து. நோயைத் தேடி வீட்டுக்கு வரும் மருத்துவிச்சியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கொண்ட அந்த முறை நாட்டின் கிராமங்களைத் தூக்கி நிறுத்தியது. தோட்டங்கள் நெடுங்காலம் அதற்கு வெளியே, கம்பனியின் சொந்த டிஸ்பென்சரியோடு விடப்பட்டன.

அறுபது ஆண்டு கழித்து இரத்தசோகையைத் தேடி இன்னொரு குழு மலையேறியது. 1979 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் பேராதனையின் பிரயன் சேனவிரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தார்கள். தேயிலை பறிக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும் மறு பகுதியினருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், இரும்பு பெற்று இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். சோகை எவ்வளவு கடுமையோ, முன்னேற்றமும் அவ்வளவு. நேர்த்தியான ஆய்வு. இரும்புச்சத்துக் குறைவு உழைப்பைக் குறைக்கிறது என்பதற்கு உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று. எனக்கு அதில் உறுத்துவது அளவுகோல். ஒரு பெண்ணின் உடம்பு தேறியதா என்பதை முக்கியமாகத் தராசில் விழுந்த கொழுந்தின் நிறையைக் கொண்டு கணித்தார்கள். கம்பனிக்கு விளங்கும் பாஷையில் பேச வேண்டியிருந்தது என்று அதற்கு நியாயம் சொல்லலாம். அந்த நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அவள் இரவில் மூச்சுவாங்காமல் படுத்தாளா, அடுத்த பிள்ளை நிறையோடு பிறந்ததா, மலையேறி லயத்துக்கு வந்த பிறகு உலை வைக்கத் தெம்பு மிஞ்சியதா என்ற கேள்விகளுக்கும் அதே மாத்திரையில் பதில் இருந்தது. கேட்க ஆளில்லை, கேட்கப் பணமில்லை.

2011இல் மூன்றாவது அளவீடு வெளியானது. தோட்டங்கள் நிறைந்த ஐந்து மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்த ஆய்வு அது. பத்தாண்டு காலம் குடற்புழு மருந்து கொடுத்த பிறகும் 29 வீதமான பிள்ளைகளுக்கு உருண்டைப் புழு, சாட்டைப் புழு, கொக்கிப் புழு ஆகியவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது. முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய இறக்கம். மருந்து வேலை செய்திருக்கிறது. மீதி 29 வீதத்துக்குக் காரணம் 1916இல் எழுதி வைத்ததேதான்: மலசலகூடம், நீர், லயத்தின் நெருக்கம். ஒரே உண்மையைப் பணம் மறுபடியும் கண்டுபிடித்திருக்கிறது.

இதன் விளைவு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 2006/07இல் தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 40 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 2016இல் அது 31.7 வீதம், நாடு முழுவதற்குமான அளவு 17.3 வீதம். பத்தாண்டில் இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தும் மூன்று பிள்ளைக்கு ஒன்று குட்டையாக வளர்கிறது. நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே தோட்டப் பகுதியினர் என்பதால் தேசியச் சராசரியில் அவர்கள் கரைந்துபோகிறார்கள். சராசரியை வைத்து முன்னுரிமை வகுக்கும் எந்த மானியத் திட்டமும் அவர்களைத் தாண்டிப் போய்விடும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இனிப் பார்க்கலாம். நாட்டின் முதல் மருத்துவ ஆய்வுக் கூடம் 1900இல் கொழும்பில், டி சொய்சா குடும்பத்தின் நன்கொடையில் எழுந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் அதன் வாரிசு. 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை. அதன் வழியில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றைய தேசிய விஞ்ஞான மன்றம். 1999இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவை. 2016இல் அதற்குத் தனிச் சட்டம். இவற்றோடு பல்கலைக்கழகங்களின் சொந்த மானியங்கள், சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு. எல்லாத் துறை ஆய்வுக்கும் எல்லாமாகச் சேர்த்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டியே இலங்கை செலவிட்டு வருகிறது. இந்தியாவின் விகிதம் இதைப்போல் ஆறு மடங்கு. அந்தப் பத்தில் ஒரு வீதத்துக்குள் மருத்துவம் ஒரு பங்கு, அதற்குள் தோட்டம் ஒரு துளி.

அரசு வேறொரு வழியிலும் ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் அரச சேவையில் உள்ள மருத்துவர் போன்றோருக்கும் ஆய்வுப் படி உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் 25 வீதமாகத் தொடங்கிப் பிறகு 35 வீதமாக உயர்ந்தது. நல்ல ஆய்வாளரை நாட்டில் தங்க வைக்க இது தேவைதான். ஆனால் சம்பளத்தோடு சேர்ந்து வரும் பணம் ஆய்வாளர் இருக்கும் இடத்தில்தான் செலவாகும், நோய் இருக்கும் இடத்துக்குப் போகாது. ஆய்வாளர் பெரும்பாலும் கொழும்பிலும் பேராதனையிலும் காலியிலும் இருக்கிறார். பதுளைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம், ஊவா வெல்லஸ்ஸ, 2005இல்தான் வந்தது; அதற்கு மருத்துவ பீடம் அண்மைக் காலத்துச் சேர்க்கை.

ஒரு மானியத்தின் செலவுப் பக்கத்தைப் பார்த்தவருக்கு அதன் வரிசை பழக்கமானது. ஆய்வு உதவியாளரின் மாதப் படி, இரசாயனங்கள், பரிசோதனைக் கிட்டுகள், கருவி, வாகனம், எரிபொருள், தங்குமிடம், அச்சுச் செலவு, ஒழுக்கநெறிக் குழுவின் கட்டணம், மாநாட்டுப் பயணம், வெளியீட்டுக் கட்டணம். இரசாயனமும் கிட்டும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை பாய்ந்தபோது, அதற்கு முன் ஒப்பந்தமான மானியங்களின் கையில் இருந்த பணம் ஏறக்குறையப் பாதியாகிப் போனது. சுருக்க வேண்டி வந்தால் ஆய்வுகூடப் பக்கத்தைக் குறைக்க முடியாது, குறைவது களப்பயணம்தான். மலையுச்சித் தோட்டம் பட்டியலிலிருந்து விழும், ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியை வைத்தே ஆய்வு முடியும். ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவரும் வர முடியாதவரும் ஒரே மாதிரி நோயாளிகள் இல்லை.

வெளியீட்டுக் கட்டணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய சர்வதேச இதழில் ஒரு கட்டுரைக்கு 2,000 டொலர் கேட்பது இன்று சாதாரணம். 300 ரூபா மாற்று வீதத்தில் 6 லட்சம் ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 440 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. சலுகையில் பாதியாகக் குறைந்தாலும் 220 நாள். யாருடைய இரத்தசோகையைப் பற்றிய கட்டுரையோ, அவருடைய பிரதேசச் சுகாதாரப் பணிமனைக்கு அதன் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுக்க இதில் நூறில் ஒரு பங்கே போதும்.

உலகக் கணக்கும் இதற்குத் தூரமில்லை. 1990இல் அபிவிருத்திக்கான சுகாதார ஆய்வு ஆணைக்குழு ஒரு கணக்கைச் சொன்னது: தடுக்கக்கூடிய மரணங்களின் சுமையில் 93 வீதம் வளர்முக நாடுகளில், சுகாதார ஆய்வுச் செலவில் அந்நாடுகளின் நோய்களுக்குப் போவது 5 வீதம். 2009இல் இயன் சாமர்ஸ், போல் கிளாசியோ என்ற இருவர் லான்செட் இதழில் இன்னும் கூர்மையாக எழுதினார்கள். நோயாளிக்குத் தேவையற்ற கேள்வி, பிழையான ஆய்வு அமைப்பு, வெளியிடாத முடிவு, பயன்படுத்த முடியாதபடி எழுதிய அறிக்கை ஆகிய நான்கு வழிகளில் மருத்துவ ஆய்வு முதலீட்டின் 85 வீதம் வீணாகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் ஆண்டுக்கு 4,700 கோடி டொலரை ஒட்டிச் செலவிடுகின்றன. அந்த மானியங்களில் கால்வாசிக்கு மேல் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று பல்கலைக்கழகங்களின் மறைமுகச் செலவுக்குப் போகிறது. 2025 பெப்ரவரியில் அதை 15 வீதத்தில் நிறுத்த முயன்றபோது பல்கலைக்கழகங்கள் கொதித்தெழுந்து நீதிமன்றம் போய்த் தடுத்தன. அதே அமைப்பு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மறைமுகச் செலவாக 8 வீதம் மட்டுமே அனுமதிப்பது பழைய நடைமுறை. பேராதனையிலோ பதுளையிலோ ஓர் உறைபெட்டியை நாள் முழுவதும் ஓட விட, கணக்கு வைக்க, மாதிரியைப் பாதுகாக்க ஆகும் செலவு பொஸ்டனை விட விகிதத்தில் குறைவென்று யாரும் அளந்து காட்டி நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுப் பணமெல்லாம் இப்படிப் போனதென்று சொல்லிவிடக் கூடாது. நஞ்சருந்தியவர்களின் சிகிச்சை பற்றி வெல்கம் அறக்கட்டளையின் பணத்தில் இலங்கையில் நடந்த ஆய்வுகள் இதற்கு எதிர்ச்சாட்சி. மைக்கேல் எடில்ஸ்டனும் இலங்கை மருத்துவர்களும் 4,632 நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனை 2008இல் வெளியானது. கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்பது அதன் முடிவு. பயனில்லாத ஒன்றை வார்டில் நிறுத்தச் சொன்ன ஆய்வு என்பதாலேயே அது பெறுமதியானது. எந்தக் கொல்லி மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று அதே குழுக்கள் சேர்த்த தரவு, தோட்டங்களில் பரவலாக இருந்த பரக்குவாட் உட்படச் சில கொல்லிகளைச் சந்தையிலிருந்து எடுக்க உதவியது. கேள்வி வார்டிலிருந்து எழுந்தது. பதில் வார்டுக்கும் கடைக்கும் திரும்பிப் போனது. வாய்ப்புற்றுநோய் பற்றிய ஒரு பழைய வேலையும் இந்த வரிசையில் வரும். சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அடிப்படைச் சுகாதார ஊழியர்களே பயிற்சி பெற்று ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். கருவி ஏதுமில்லை, ஒரு டோர்ச்சும் பழகிய கண்ணும். வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொண்டு மலையேறும் ஊவாத் தோட்டங்களுக்கு அளவெடுத்துத் தைத்த முறை. ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலும் இன்று மாதம் ஒரு முறை நடக்க வேண்டிய வேலை அது.

தோட்டத்தில் ஆய்வு செய்வதற்கு மற்ற இடத்தில் இல்லாத செலவுகள் உண்டு. மானியப் படிவம் அவற்றை அறியாது. முதலில் துரையின் அனுமதி. அவர் அனுமதித்தால் தொழிலாளி மறுக்க முடியுமா என்ற கேள்வி எந்த ஒப்புதல் படிவத்திலும் இல்லை. அடுத்தது நாட்சம்பளம். காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்குப் பிறகு இரத்தம் கொடுக்க நிற்பவருக்கு அரைநாள் பேர் போகலாம், கொழுந்து நிறை குறையலாம். இரும்புச்சத்தையும் உழைப்பையும் ஆராய வந்தவர்களால் ஒருவருக்கு அரைநாள் கூலி போவது எவ்வளவு பெரிய பிழை. அந்த இழப்பை ஈடுசெய்யும் தொகையைச் செலவுப் பட்டியலின் முதல் வரியில் வைக்க வேண்டும். மூன்றாவது மொழி. கேள்விக்கொத்தைக் கொழும்பில் எழுத்துத் தமிழில் பெயர்த்து, சிங்களம் பேசும் தரவு சேகரிப்பாளர் ஒருவர் உடைந்த தமிழில் வாசிக்க, சங்கடத்தில் ஆமாம் போட்ட பதில்கள் எத்தனையோ வீதங்களாகி அட்டவணையில் ஏறியிருக்கின்றன. பசறையிலும் லுணுகலையிலும் உயர்தரம் படித்து வேலை தேடும் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய. அவர்களைப் பயிற்றி எடுத்தால் தரவும் தேறும், உதவியாளர் சம்பளமும் மலையிலேயே தங்கும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆய்வில் நோயாளியாகத் தெரியவந்தவரை என்ன செய்வது? ஹீமோகுளோபின் மிகக் குறைந்த ஒரு தாயைக் கண்டுபிடித்த குழு, அவர் பெயருக்குப் பதில் ஓர் இலக்கத்தை எழுதிவிட்டு வான் ஏறக் கூடாது. பரிந்துரைக் கடிதம், பதுளைக்குப் போய்வர பஸ் காசு, மூன்று மாதத்தில் மறு பரிசோதனை, இவையெல்லாம் பணம். ஒழுக்கநெறிக் குழுக்கள் பரிந்துரை செய்வீர்களா என்று கேட்கும். செய்வோம் என்று விண்ணப்பதாரர் எழுதுவார். அதற்குரிய தொகையை நிதி வழங்குவோர் பட்டியலில் கேட்பதில்லை. தோட்டப் பகுதி ஆய்வுகளில் பல பட்டப்பின் மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளாக, கைக்காசில் நடக்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆய்வேடு சமர்ப்பித்து அந்த மாணவர் வேறு ஊருக்கு மாறிய பிறகு, தொடர்ந்து பார்ப்பவர் எவருமில்லை.

ஆகவே முதல் மாற்றம் படிவத்தில் வர வேண்டும். தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவ மானியத்திலும், மக்களிடமிருந்து மாதிரி எடுப்பதாயின், பத்தில் ஒரு பங்கு அவர்களிடம் திரும்பிப் போவதற்கென்று கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். முடிவைச் சொல்ல, நோயாளியைச் சேர்க்க, மறுபடி அளக்க. அந்தப் பங்கின் கணக்கைக் காட்டாமல் கடைசித் தவணை விடுவிக்கக் கூடாது. மானியம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்பதோடு, எந்த மாவட்டத்தில், நகரமா கிராமமா தோட்டமா, எத்தனை பேரிடம் மாதிரி எடுக்க என்பதும் பொதுப் பதிவில் வர வேண்டும். அப்போது கிராந்துருகோட்டைக்குப் போன குழுக்களின் எண்ணிக்கையும் மடுல்சீமைக்குப் போகாத குழுக்களின் எண்ணிக்கையும் ஒரே தாளில் தெரியும்.

மலைத் தோட்டங்களுக்குப் புதிய கண்டுபிடிப்பு ஆய்வு குறைவாகத்தான் தேவை என்பது என் துணிபு. இரும்பு வேலை செய்யும் என்பது தெரியும். கக்கூஸ் வேலை செய்யும் என்பது 1916இலேயே தெரியும். தெரிந்ததை லயத்துக்குள் கொண்டுபோவது ஏன் தடைப்படுகிறது என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம். மருத்துவிச்சி தரும் மாத்திரையை அம்மா ஏன் விழுங்குவதில்லை, கட்டிய மலசலகூடத்துக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை, தோட்டத்து டிஸ்பென்சரியை அரசு எடுத்த இடத்திலும் எடுக்காத இடத்திலும் பிறப்பு நிறை எப்படி மாறுகிறது. இந்த வகை ஆய்வுக்குப் பெரிய கருவி வேண்டாம், நீண்ட காலம் வேண்டும். பெரிய இதழ்கள் இதை விரும்பி ஏற்பதில்லை, பதவி உயர்வுக் குழுக்களும் இதற்குக் குறைந்த புள்ளியே போடும். அதனால்தான் இதற்கு உள்ளூர்ப் பணம் வேண்டும்.

அந்தப் பணத்துக்கு ஒரு முன்னுதாரணம் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. தலவாக்கலையில் தலைமையகம், பசறையில் ஊவாவுக்கான நிலையம். தேயிலை மீதான தீர்வைப் பணத்தில் வளர்ந்து, நூறாண்டாகச் செடியின் வேர், இலை, மண், பூச்சி, கொப்புள நோய் எல்லாவற்றையும் அது படித்து வருகிறது. தேயிலைத் தொழில் நிலைத்ததில் அந்தப் படிப்புக்குப் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோட்ட விளைபொருள் ஏற்றுமதி மீது வரி போட்டே தொழிலாளர் மருத்துவத்துக்கான செலவைக் குடியேற்ற அரசும் திரட்டியது. எனவே கொழுந்து பறிப்பவரின் உடம்புக்காக ஏற்றுமதித் தீர்வையில் ஒரு சிறு பங்கைக் கேட்பது புதிய கோரிக்கை ஆகாது. அந்தத் தொகை பதுளையில், ஊவா வெல்லஸ்ஸ மருத்துவ பீடமும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சேர்ந்த ஒரு குழுவின் கையில் இருக்கட்டும். குழுவில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வரட்டும். முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு கேள்வி போதும்: பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கங்களில் சில தோட்டங்களைத் தேர்ந்து, கர்ப்பம் தரித்த நாளிலிருந்து பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை தாயின் இரத்தத்தையும் பிள்ளையின் உயரத்தையும் லயத்தின் தண்ணீரையும் தொடர்ந்து அளப்பது, குறை தெரிந்த இடத்தில் அப்போதே சரிசெய்வது. ஆண்டுக் கணக்கைத் தமிழில் எழுதி, சம்பள நாளில் பிரட்டுக் களத்தில் வாசித்து, ஒரு பிரதியை அங்கேயே ஒட்ட வேண்டும்.